குளம் எத்தனை அடி? தர்மபுரத்திலிருந்து நீர்ச் சிக்கனம் பற்றி ஓர் ஆய்வு

சித்திரை பிறக்கும் நாட்களில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் எந்தத் தேநீர்க் கடையில் குந்தினாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "குளம் எத்தனை அடி?" எந்தக் குளம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இரணைமடுதான். ஒருவர் ஓர் எண்ணைச் சொல்வார். "போன வருசம் இந்த நேரம் அதைவிட மூண்டடி கூட நிண்டது" என்பார் மற்றவர். இந்தச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அந்த மூன்றடிக்குள் அடங்கியிருக்கும். வயல் ஒரு துண்டும் இல்லாதவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும்.

அதே ஆளிடம், "உங்கட வீட்டில ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணி போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வராது. கிணறு இருக்கிறது, மோட்டர் இருக்கிறது, மேலே ஒரு கறுப்புத் தாங்கி இருக்கிறது. தாங்கி நிரம்பி வழியும்போது ஓடிப்போய் ஆளியை நிறுத்துவார்கள். அதற்கு மேல் கணக்கில்லை.

குளத்து நீருக்கு ஊரே கணக்கு வைத்திருக்க, வீட்டு நீருக்கு யாரும் கணக்கு வைக்காதது ஏன்? ஒரு நகரம் தன் குடிமக்களை நீரைச் சிக்கனமாகப் பாவிக்கச் செய்வது எப்படி என்பதற்கான விடை இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தர்மபுரம் இன்னும் நகரமாகிவிடவில்லை. சந்தி, மருத்துவமனை, பாடசாலை, கடைத்தெரு என்று நகரத்தை நோக்கி வளர்ந்துவரும் ஊர். குழாய் நீரும் கட்டணமும் முழுமையாக வந்து சேருமுன் இதைச் சிந்திக்க இதுவே நல்ல காலம்.

மண்ணும் மழையும்

கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் தர்மபுரம் வருகிறது. தெற்கே கல்மடுக்குளம், மேற்கே இரணைமடுவின் நீர் பாயும் வயல்வெளிகள். கல்மடுப் பக்கமிருந்து வரும் நெத்தலியாறு சுண்டிக்குளம் கடல்நீரேரியை நோக்கிப் போகிறது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிடும். பிறகு சித்திரையில் இடியோடு சில நாள் மழை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்றும் வெயிலும்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அது பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைக்கும். வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கீழே கடும்பாறை, மேலே உக்கிய பாறையும் மண்ணும் கலந்த மெல்லிய படை. அந்தப் படைக்குள் தேங்கும் நீர்தான் நம் கிணறுகளுக்கு ஊறுகிறது. குளத்திலும் வாய்க்காலிலும் நீர் நிற்கும்வரை அருகிலுள்ள கிணறுகளில் ஊற்று இருக்கும்; குளம் வற்றினால் கிணறும் இறங்கும். கண்டாவளையின் வடக்கே கடல்நீரேரியை அண்டிய இடங்களில் அதிகமாக இறைத்தால் உவர் ஏறும். ஆகவே குளத்தின் அடிக்கணக்கு வயற்காரருக்கு மட்டும் உரியதென்று நினைப்பது தவறு. கிணற்றடியில் வாளி இறக்குகிறவருக்கும் அதே கணக்குத்தான்.

ஆறுகளின் மணலும் நீரைப் பிடித்து வைக்கும் ஒரு களஞ்சியம். தர்மபுரத்தை அடுத்த கல்லாற்றுப் பகுதியில் சட்டவிரோத மணல் அகழ்வு பற்றிய செய்திகள் பல ஆண்டுகளாக வந்தபடியே இருக்கின்றன. மணலை அள்ளினால் ஆற்றின் அடி இறங்கும், மழைநீர் தங்காமல் கடலுக்கு ஓடும், கரையிலுள்ள கிணறுகள் முந்தி வற்றும். வீட்டில் குழாயைப் பூட்டச் சொல்லிவிட்டு ஆற்றில் உழவு இயந்திரப் பெட்டிகளை ஓடவிடுவது ஓட்டைப் பானையில் நீர் சேர்க்கும் வேலை.

பெரியவர்கள் வைத்த கணக்கு

சிக்கனம் என்ற சொல்லைச் சுவரொட்டிகளில் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே வன்னி அதைச் செயலாக வைத்திருந்தது. உலர்வலயத்தின் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. மேற்குளத்தின் வான் நீரும் அதன் வயலில் வடிந்த நீரும் கீழ்க்குளத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. ஒரே மழை பலமுறை பயன்படும் ஏற்பாடு அது.

இரணைமடு அந்தப் பழைய தொடரில் வந்ததல்ல. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920 வரை கட்டப்பட்ட பெருங்குளம் அது. ஆனால் அதன் நீரைப் பங்கிடும் முறையில் பழைய அறிவு குடியிருக்கிறது. காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் விளைவிக்கும். சிறுபோகத்தில் குளத்தில் இருப்பதுதான் எல்லாம். மாவட்டச் செயலகத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை அதிகாரிகள், கமக்கார அமைப்புகளின் ஆட்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். குளத்தின் அளவு வாசிக்கப்படும். எத்தனை ஏக்கர், எந்த நாள் முதல் நீர் திறப்பு, எந்த நாளுக்குள் விதைப்பு முடிய வேண்டும் என்பது அங்கே தீர்மானமாகும். நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலும் விதைக்க முடியாது. குறிப்பிட்ட பகுதியை மட்டும் விதைத்து அதைப் பங்காகப் பிரிப்பார்கள். சண்டை நடக்கும், சத்தம் போடுவார்கள், வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர் தனக்கு நீர் வந்து சேர்வதில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் முறையிடுவார். ஆனாலும் முடிவு எல்லோர் முன்னாலும் எடுக்கப்படும்.

கிணற்றுக்கும் இப்படியொரு மரபு உண்டு. காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும், அதற்குப் போகும் வழியும், வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பார்கள். ஒருவர் கூட இறைத்தால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். கிணற்றில் நீர் எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கயிற்றின் நீளம் காட்டிக்கொடுக்கும். கிணற்றடியில் குளித்த நீர் ஒரு சிறு கானில் ஓடி வாழைக்குப் போகும், அதைத் தாண்டினால் தென்னைக்கு. அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு. இதை யாரும் மறுசுழற்சி என்று சொன்னதில்லை. நீரை நிலத்தில் சும்மா விடக்கூடாது என்று மட்டும் அம்மாக்கள் சொல்வார்கள்.

இந்த முறைகளில் நீரின் அளவு கண்ணுக்குத் தெரிந்தது. எடுப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்தது. குறையும்போது முடிவெடுக்கும் இடத்தில் பாவிப்பவருக்கும் வாய் இருந்தது. மோட்டரும் மேல்தாங்கியும் வந்தபோது முதலில் தொலைந்தது அந்தக் காட்சிதான். கப்பியில் பத்து வாளி இழுத்தவருக்குக் கை வலிக்கும். ஆளியைத் தட்டுபவருக்கு வலிப்பதில்லை.

பதினைந்து லீற்றர்

நீரின் பெறுமதியை இந்த மண்ணின் ஒரு தலைமுறைக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2008இன் பிற்பகுதியில் வன்னியின் மேற்கிலிருந்தும் கிளிநொச்சி நகரிலிருந்தும் போரால் இடம்பெயர்ந்தவர்கள் தர்மபுரம், விசுவமடுப் பக்கம் வந்து குவிந்தார்கள். ஒரு வளவுக் கிணற்றில் எத்தனையோ குடும்பங்கள் வரிசை பிடித்தன. கிளிநொச்சி நகரின் பெரிய கொங்கிரீட் தண்ணீர்த் தாங்கி போரின்போது தகர்க்கப்பட்டுச் சரிந்து ஏ-9 வீதியோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் அணைக்கட்டும் உடைக்கப்பட்டது.

பிறகு, போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்ட மெனிக் முகாம். மனிதாபிமான உதவிகளுக்கான உலகத் தரம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் என்கிறது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். அதுவும் எட்டாத நாட்கள் அங்கே இருந்தன. பவுசர் வரும் சத்தத்துக்குக் குடத்தோடு ஓடியவர்கள் இன்று தர்மபுரத்தில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்மார்.

இதை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. முகாமில் 15 லீற்றரில் வாழ்ந்ததைச் சிக்கனம் என்று சொல்லக்கூடாது, அது பறிப்பு. இரண்டையும் குழப்புகிற அதிகாரி மக்களின் மனதை ஒருநாளும் வெல்ல மாட்டார். போதிய நீர் கிடைக்கும் என்ற உறுதியை முதலில் கொடுத்தால்தான், வீணாக்காதே என்று கேட்கும் உரிமை வரும்.

நான்கு நகரங்கள் சொல்லும் பாடம்

உலகில் நீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்த நகரங்கள் பல. தர்மபுரத்துக்குப் பயன்படக்கூடிய நான்கை மட்டும் பார்ப்போம்.

தென்னமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. 1997இல் நகருக்கு நீர் கொண்டுவந்த சிங்காசா சுரங்கக் கால்வாய் இடிந்தது. தட்டுப்பாடு வரப்போகிறது என்று அறிவித்ததும் மக்கள் பயந்து வாளிகளிலும் தொட்டிகளிலும் நீரைப் பிடித்து வைத்தார்கள். பாவனை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அப்போதைய நகர முதல்வர் அன்ரனாஸ் மொக்கஸ் வழியை மாற்றினார். தானே தொலைக்காட்சியில் குளித்துக் காட்டி, சவர்க்காரம் போடும்போது குழாயைப் பூட்டினார். நகரம் நேற்று எவ்வளவு பாவித்தது என்ற எண்ணை நாள்தோறும் அறிவித்தார். சிக்கனம் செய்தவர்களைப் பாராட்டினார். பாவனை இறங்கியது. பயமுறுத்தல் செய்யாததை அன்றாட எண்ணும் முன்மாதிரியும் செய்தன.

அடுத்து தென்னாபிரிக்காவின் கேப் டவுன். மூன்று ஆண்டு வரட்சிக்குப் பின் 2018 தொடக்கத்தில், குழாய்கள் மூடப்படும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது அந்நகரம். 2018 பெப்ரவரி முதலாம் நாள் தொடக்கம் ஓர் ஆளுக்கு 50 லீற்றர் என்று எல்லை வைத்தார்கள். அணைகளின் மட்டம் வாராவாரம் வெளியானது. அளவோடு பாவித்த வீடுகளைப் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் ஒன்றையும் நகரசபை பொதுவில் வைத்தது. 2015இல் இருந்த பாவனை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நெருக்கடியில் குரூன்லான்ட் பகுதிக் கமக்காரர்கள் தமது அணைகளிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி கன மீற்றர் நீரை நகருக்குத் திறந்துவிட்டார்கள். இது நம் காதுக்கு எட்ட வேண்டிய செய்தி. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதே நகரம் பின்னர் குழாயின் பருமனுக்கேற்ப ஒரு நிலையான கட்டணத்தைச் சேர்த்தது. நீரைக் குறைத்தும் பட்டியல் குறையவில்லையே என்று மக்கள் கசந்தார்கள். சிக்கனம் செய்தவரைத் தண்டிப்பதுபோலத் தோன்றும் கட்டணம் அடுத்த வரட்சியின்போது நகரத்தின் குரலை யாரும் கேட்காதபடி செய்துவிடும்.

மூன்றாவது சிங்கப்பூர். நெருக்கடி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1991இலேயே நீர்ப் பாதுகாப்பு வரி வந்தது. 2009 முதல் குழாய், கழிப்பறைத் தொட்டி முதலியவற்றுக்கு எவ்வளவு நீர் செலவாகும் என்பதைக் காட்டும் முத்திரை கட்டாயமானது. 2003இல் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லீற்றராக இருந்த வீட்டுப் பாவனை 2018இல் 141 லீற்றருக்கு வந்தது. பதினைந்து ஆண்டு முயற்சியில் 24 லீற்றர். பழக்கம் மெதுவாகத்தான் மாறும் என்பதையும், விடாமல் செய்தால் மாறும் என்பதையும் இந்த எண் காட்டுகிறது.

நான்காவது நமக்கு நெருங்கிய சென்னை. தமிழ்நாடு அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல இடங்களில் நிலத்தடி நீர் ஏறியது. கிணற்று நீரின் தரமும் தேறியது. ஆனால் ஆண்டுகள் போகக் கண்காணிப்புத் தளர்ந்தது. குழாய்கள் அடைபட்டன, உறிஞ்சுகுழிகள் தூர்ந்தன, ஏரிகளின் மேல் கட்டடங்கள் எழுந்தன. பெரும்பாலான வீடுகளுக்கு மீற்றரும் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வற்றின. யூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவந்தார்கள். சட்டம் போட்டு ஒரு பருவத்துக்குள் குழி தோண்ட வைக்கலாம். ஆண்டுதோறும் அந்தக் குழியைத் துப்புரவாக்க வைப்பது சட்டத்தால் மட்டும் ஆகாது.

இரணைமடு நீரும் யாழ்ப்பாணத் தாகமும்

கேப் டவுன் கமக்காரர் நீரைத் திறந்துவிட்டார்கள் என்றேன். நம் பக்கம் அது நடக்கவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010இல் ஏற்கப்பட்ட யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம், இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரை எடுக்க முன்மொழிந்தது. குளத்தின் கொள்ளளவைக் கூட்டித் தருவோம் என்றும் சொன்னார்கள். கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. முடிவில் யாழ்ப்பாணத்துக்கு வேறு வழி தேடப்பட்டது. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடிய கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறக்கப்பட்டது. இரணைமடு 2018இல் அணை உயர்த்தப்பட்டு, 36 அடி வரை ஏறத்தாழ 148 மில்லியன் கன மீற்றர் கொள்ளக்கூடியதாயிற்று.

கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 27,000 கன மீற்றர் என்றால் ஆண்டுக்கு ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. நிரம்பிய குளத்தில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. இவ்வளவுதானே என்று நகரத்திலிருந்து கேட்கத் தோன்றும். ஆனால் குளம் ஆண்டுதோறும் நிரம்புவதில்லை. பத்தடியில் நிற்கும் ஆண்டில் அதே அளவு மிகப் பெரிய பங்காகிவிடும். அந்த ஆண்டில் குடிநீரா வயலா என்ற கேள்வி எழுந்தால் யார் முடிவெடுப்பார், வயல் இழந்தவருக்கு யார் ஈடு கொடுப்பார் என்பதற்குக் கமக்காரர் நம்பக்கூடிய விடை கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தவரின் தாகம் உண்மையானது. கிளிநொச்சிக்காரரின் பயமும் உண்மையானது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது நம்பிக்கை.

கடல்நீரை நன்னீராக்கும்போது ஒவ்வொரு கன மீற்றருக்கும் மூன்று நான்கு அலகு மின்சாரம் போகிறது. அதன் செலவு ஏதோ ஒரு வகையில் எல்லோர் தலையிலும் விழும். ஆகவே குடாநாட்டில் ஒரு வீட்டில் மிச்சமாகும் நீர் இப்போது மின்சாரமாகவும் பணமாகவும் மிச்சமாகிறது.

இலங்கையில் எடுக்கப்படும் நீரில் ஏறத்தாழ 87 விழுக்காடு விவசாயத்துக்கே போகிறது. வீட்டுப் பாவனை 6 விழுக்காடு அளவில். ஆகவே வீட்டுச் சிக்கனம் குளத்தை நிரப்பிவிடும் என்று சொன்னால் அது பொய். வயலில் குறிப்பிட்ட நாளுக்குள் விதைப்பது, குறைந்த நாள் நெல்லினங்களைத் தேர்வது, வாய்க்காலைத் திருத்துவது ஆகியவற்றில்தான் பெரிய மிச்சம். வீட்டுச் சிக்கனத்தின் பயன் வேறு: கச்சான் காலத்தில் கிணறு வற்றும் நாளைத் தள்ளிப்போடுவது, பவுசரை எதிர்பார்க்கும் நாட்களைக் குறைப்பது, வயற்காரரிடம் நீர் கேட்கும்போது நாங்களும் வீணாக்கவில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் தகுதியைப் பெறுவது.

கட்டணம், ஒழுக்கு, மீற்றர்

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் படிமுறையானது. ஓர் அலகு என்பது ஆயிரம் லீற்றர். முதல் அலகுகள் மலிவு. கூடக்கூட விலை ஏறும். கூடுதலாகப் பாவிப்பவர் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் கணக்கு வீட்டுக்கு, ஆளுக்கல்ல. ஒரே வளவில் தாய் தகப்பன், மணம் முடித்த மகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர் இருக்கும் நம் வீடுகள், ஆளுக்கு மிகக் குறைவாகப் பாவித்தும் மேற்படிக்கு ஏறிவிடும். சிக்கனத்தை விலையால் மட்டும் கற்பிக்க முனைந்தால் பெரிய குடும்பமும் ஏழைக் குடும்பமும்தான் பிரம்படி வாங்கும்.

சபைக்கும் ஒரு கடமை உண்டு. கொழும்பு மாநகரில் பழைய குழாய்களின் ஒழுக்காலும் களவு இணைப்புகளாலும் ஒரு காலத்தில் வழங்கிய நீரில் ஏறத்தாழ பாதி கணக்கில் வராமல் போனது. அதைக் குறைக்கப் பெருந்தொகை செலவிட வேண்டியிருந்தது. வீதியில் குழாய் வெடித்து நாட்கணக்கில் நீர் ஓடும் ஊரில் எந்தத் தாயும் பிள்ளையைப் பார்த்துக் குழாயைப் பூட்டு என்று மனமாரச் சொல்ல மாட்டாள். கிளிநொச்சிப் பக்கம் போடப்படும் குழாய்கள் புதியவை. தொடக்கத்திலிருந்தே ஒழுக்கைக் கணக்கெடுத்து, 1939 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு வந்தால் எத்தனை மணிநேரத்தில் திருத்தப்பட்டது என்பதை மக்களுக்குச் சொன்னால், அதைவிடப் பெரிய பிரசாரம் தேவையில்லை.

குழாய் வராத வீடுகளுக்கு மீற்றர் இல்லை. ஆனால் மேலே நிற்கும் ஆயிரம் லீற்றர் தாங்கியே ஒரு மீற்றர்தான். ஐந்து பேருள்ள வீட்டில் நாளுக்கு ஒரு தாங்கி தீர்ந்தால் ஆளுக்கு 200 லீற்றர். சிங்கப்பூர்க்காரரை விட அதிகம். இரண்டு நாளுக்கு ஒரு தாங்கி என்றால் ஆளுக்கு 100. மோட்டர் போட்ட நாளைச் சமையலறை நாட்காட்டியில் ஒரு புள்ளியிட்டு வந்தால் மாத முடிவில் வீட்டின் கணக்குக் கையில் இருக்கும். விநாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு இருபது லீற்றர் வரை விழுங்கும். முகாமில் ஓர் ஆளுக்குக் கிடைத்த பங்கை விட அது கூட. தாங்கிக்குள் ஒரு மிதவை ஆளி பொருத்தினால் வழிந்தோடுவதும் நிற்கும், 2022க்குப் பின் ஏறிய மின்கட்டணமும் கொஞ்சம் இறங்கும்.

கூரையில் விழும் குளம்

இலங்கை அரசு 2005இல் மழைநீர் சேகரிப்புக்கென ஒரு தேசியக் கொள்கையை ஏற்றது. 1996இல் தொடங்கிய இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் உலர்வலயக் கிராமங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. போருக்குப் பின் வன்னியிலும் வீடுகளுக்குத் தாங்கிகள் கட்டப்பட்டன.

கணக்கு எளியது. 50 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 60,000 லீற்றர். சிந்துவதையும் முதல் மழையில் கூரை கழுவிப் போவதையும் கழித்தாலும் 48,000 லீற்றர் பிடிக்கலாம். சிக்கல் மழையில் இல்லை, பிடித்து வைக்கும் பாத்திரத்தில்தான். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால், மார்கழி முடிவில் நிரம்பிய 5,000 லீற்றர் தாங்கி ஆடி பிறக்கும்வரை வரும். 8,000 லீற்றர் தாங்கி அடுத்த மாரிமழை பிடிக்கும்வரை வரும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் கிணற்று நீரைக் குடிக்கத் தயங்குவோருக்கு இது பெரிய ஆறுதல். போத்தல் நீருக்கும், சுத்திகரிக்கும்போது கணிசமான பங்கு நீரைக் கழிவாக வெளியேற்றும் இயந்திரங்களுக்கும் இதுவே மாற்று.

இருந்தும் கட்டிய தாங்கிகள் சில வெறுமையாகக் கிடக்கின்றன. மழைநீருக்கு ருசியில்லை என்பார்கள், நுளம்பு பெருகும் என்ற பயமும் உண்டு. பீலி உடைந்தால் திருத்த ஆளில்லை. சீமெந்துத் தாங்கியை வெறுமையாக வெயிலில் விட்டால் வெடிக்கும். சென்னையில் கண்டதும் இதுதான்: கட்டிக் கொடுப்பது ஒரு நாள் வேலை, பராமரிப்பு ஒவ்வோர் ஆண்டும் வரும் வேலை. புரட்டாதி மாதத்தில் பீலி துப்புரவு, வலை மாற்றல், தாங்கி கழுவல் என்று கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு சிரமதானம் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

யாரிடம் கேட்பது

தர்மபுரத்தில் மலையகத்திலிருந்து வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல உண்டு. இரணைமடு வாய்க்கால் நீரில் பங்கில்லாத, மேட்டுக்காணியும் ஒரு கிணறும் மட்டும் உள்ள வீடுகள் பல. கோடையில் முதலில் பவுசரை எதிர்பார்ப்பது இவர்கள்தான். நாளுக்கு நான்கு குடம் சுமக்கும் பெண்ணிடம் சிக்கனம் போதிப்பது அவமதிப்பு. கேட்க வேண்டிய வரிசை வேறு: முதலில் அரச அலுவலகங்கள், பாடசாலைகள், மருத்துவமனைகள், படைமுகாம்கள், பிறகு வாகனம் கழுவும் இடங்கள், மண்டபங்கள், விடுதிகள், அதற்குப் பின் மோட்டரும் தாங்கியும் உள்ள வீடுகள். பொது நிறுவனத்தின் ஒழுகும் குழாய் திருத்தப்பட்ட பின்புதான் வீட்டுக்காரரின் வாசலைத் தட்டலாம்.

முடிவும் வேண்டுகோளும்

பொகோட்டாவின் அன்றாட எண், கேப் டவுனின் அணைமட்டம், சிங்கப்பூரின் முத்திரை, இரணைமடுவின் அடிக்கணக்கு எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. அளவு கண்ணுக்குத் தெரிந்து, மற்றவரும் அளவோடு எடுக்கிறார் என்ற நம்பிக்கை வந்து, குறையும்போது பேச ஓர் இடமும் இருந்தால் மனிதர் நீரைப் பேணுவார்கள். வன்னிக்கு இதை வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. வயலுக்கு வைத்திருக்கும் முறையை வீட்டுக்கும் நீட்டினால் போதும்.

தர்மபுரத்துக்குப் பொறுப்பான கரைச்சி பிரதேச சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் என் வேண்டுகோள் இது. தர்மபுரம் சந்தியில் ஒரு பலகை நடுங்கள். அதில் வாரந்தோறும் மூன்று எண்களை எழுதுங்கள்: இரணைமடு எத்தனை அடி, கல்மடு எத்தனை அடி, ஊரின் ஒரு பொதுக் கிணற்றில் நீர் எத்தனை அடி ஆழத்தில். கிணற்றை அளக்கும் வேலையைப் பாடசாலை மாணவரிடம் கொடுங்கள். முடிச்சிட்ட ஒரு கயிறு போதும். சித்திரையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும்போது குடிநீருக்கும் ஒரு கூட்டம் வையுங்கள். அதில் குடம் சுமக்கும் பெண்களுக்கு முன்வரிசை கொடுங்கள். கல்லாற்று மணலைக் காப்பதும் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இருக்கட்டும்.

வாசிப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. இன்றிரவு உங்கள் வீட்டுத் தாங்கி நிரம்பியதும் நாட்காட்டியில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த புள்ளி எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். குளம் எத்தனை அடி என்று கேட்கும் ஊர், வீட்டுக்கு எத்தனை லீற்றர் என்றும் கேட்கத் தொடங்கட்டும்.